சிவப்புக் கிண்ணம்

ஜூன் 11

வந்துவிட்டது! இன்றைக்குப் பார்த்து இந்தப் பேனா வேறு மக்கர் செய்கிறது.

முறையாக எழுதுகிறேன். காலையிலிருந்து ஃபர்னஸ் முன்னால்தான் தவம். உள்ளே இரண்டு குவார்ட்ஸ் குழாய்கள். இடதுபுறம் என்னுடையது, வலதுபுறம் நாகஜோதியுடையது. குழாயில் பெயர் எழுத முடியாது, அந்தச் சூட்டில் எந்த மையும் நிற்காது. கீறல் போட்டால் குழாய் வெடிக்கும். அதனால் எங்கள் லேபில் இடம்தான் பெயர். உள்ளே இருக்கும் சமையலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மாங்கனீசு, பிஸ்மத், டெல்லூரியம். நான் அதில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தேன். எனக்கு ஜூனியரான ஜோதி கொஞ்சம் ஆன்டிமனி சேர்த்தாள். "சாம்பார்ல எவளாவது சீனி போடுவாளாட்டி?" என்று வாரக் கூட்டத்திலேயே அவளைக் கேலி செய்திருக்கிறேன். எங்கள் கைடு குணசீலன் சார்கூடச் சிரித்தார்.

பல நாள் மெல்ல மெல்ல ஆறவைத்து, உருகிய உலோகக் குழம்பு இன்னும் குழம்பாகவே இருக்கிற பதத்தில் குழாயை இடுக்கியால் எடுத்து, தலைகீழாகச் சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுழற்ற வேண்டும். குழம்பு அடியில் இறங்கிவிடும், படிகம் மேலே, குழாய்க்குள் அடைத்த குவார்ட்ஸ் பஞ்சில் தங்கிவிடும். நின்று யோசித்தால் எல்லாம் ஒரே கட்டியாக உறைந்து போகும். சென்ட்ரிஃப்யூஜில் எதிரெதிரே இரண்டு உலோகக் கிண்ணங்கள். எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டு குழாய்களையும் சேர்த்தே சுழற்றுவோம். ஒரு கிண்ணத்தில் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கும். இடது குழாய் சிவப்பில் போக வேண்டும். அதுதான் லேப் வழக்கம்.

இரண்டு பேர் செய்கிற வேலை இது. ஜோதியை பி.எஸ்சி. பிராக்டிகல் தேர்வு மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள். நானே செய்தேன். கதவைத் திறந்ததும் அடித்த அனலில் முகமூடிக்குள் வேர்வை வழிந்து கண்ணே தெரியவில்லை. கையில் வந்த குழாயை எட்டிய கிண்ணத்தில் போட்டு, மற்றதை மற்றதில் போட்டு, மூடியை அறைந்து சாத்தினேன்.

ஆறியதும் உடைத்துப் பார்த்தேன். சிவப்புக் கிண்ணத்துக் குழாயில் தகடு தகடாகப் படிகம். ஒரு தகட்டில் என் மூக்கு தெரிந்தது. இன்னொரு குழாயில் வெறும் சேறு.

உள்ளே மின்சாரத்தை விடாமல், மேல்தோலில் மட்டும் ஓடவிடுகிற படிகங்கள் ஏற்கெனவே நிறைய உண்டு. அதற்குப் பிறவியிலேயே காந்தமும் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பேராசை. அப்படிப்பட்டவை உலகத்தில் சிலதுதான். அதில் புதிதாக ஒன்று, கோயம்புத்தூரில், என் கையில்!

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "தங்கமாட்டி?" என்றாள். "தங்கத்தவிடப் பெருசுக்கா." "அப்பம் சரி. சிலிண்டர்காரன் வருவான், கதவத் தொற, நான் குளிக்கப் போறேன்" என்று போய்விட்டாள்.

ஜூன் 12

ஜோதி வந்ததும் வராததுமாக, "அக்கா, என்னுது?" என்றாள். காட்டினேன்.

"சேறாக்கா?"

"சேறுதான்ட்டி."

இடுக்கி முனையால் அதைக் கிளறிப் பார்த்தாள். "சரி விடுங்க, உங்களுதாச்சும் வந்துச்சே. ஆத்தி, என்னா மினுமினுப்பு!" என்றாள். அவள் முகத்தில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எனக்கு ஏன் எரிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

சேற்றை அவள் தூக்கிப் போடவில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, 'என் சேறு' என்று எழுதி, பக்கத்தில் அழுமூஞ்சிப் படமும் வரைந்து அலமாரியில் வைத்தாள்.

ஜூன் 20

எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று பார்த்தாயிற்று. எதையெதைத் தேட வேண்டும் என்று நாம் டிக் செய்து கொடுக்க வேண்டும், அதற்குள்தான் அது கணக்குப் போடும். மாங்கனீசு, பிஸ்மத், டெல்லூரியம், வெள்ளீயம் என்று டிக் செய்தேன். நான்கும் வந்தது. வெள்ளீயம் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. இருக்கட்டும், வந்திருக்கிறதே!

ஜூலை 2

காந்த அளவும் பிரமாதம். நல்ல குளிருக்குக் கொண்டு போனதும் சட்டென்று காந்தமாகிறது, கோடு கிழித்த மாதிரி. சார் ஓடிப் போய் ஜாங்கிரி வாங்கி வந்தார். அவர் இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஜாங்கிரி கையில் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும்போதே ஜோதியைப் பார்த்துச் சொன்னார். "நாகஜோதி, அந்த ஆன்டிமனிய விட்ரும்மா. போதும். டிசம்பரோட உன் பிஎச்.டி. காலம் முடியுது. ஜெஸிந்தாவுக்கு அளவெடுக்க உதவி பண்ணு. பேப்பர்ல ரெண்டாவது பேரு உனக்கு."

"சரிங்க சார்" என்றாள். ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு என்ன தெரியும்?

ஜெர்மனியில் ஒரு குழு நம் படிகத்தை ஒளி பாய்ச்சிப் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறது. இன்னும் வேண்டுமாம். அதற்கென்ன, வளர்த்தால் போயிற்று.

ஜூலை 24

சேறு.

ஜூலை 31

மறுபடியும் சேறு. அதே அளவு, அதே சூடு, அதே நாள் கணக்கு. வெள்ளீயம் பழைய ஸ்டாக், அதுதான் காரணம். சாரிடமும் அப்படியே சொன்னேன்.

ஜூனில் அன்றைக்குச் சிவப்பில்தான் போட்டேன். இடது குழாயைத்தான் முதலில் எடுத்தேன். எப்போதும் இடதைத்தான் முதலில் எடுப்பேன். வலது கைக்கு வலது குழாய்தான் பக்கம் என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 9

ஜோதியின் கையைப் பற்றி எழுத வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, வெள்ளிப் பசை தொட்டுப் படிகத்தில் ஒட்டுகிறாள். மூச்சையே விடமாட்டாள். நான் ஒட்டினால் பிய்ந்து வரும், கெட்ட வார்த்தையும் வரும். அவள் ஒட்டிய கம்பிகளில்தான் மேல்தோல் மின்சாரம் முதல்முதலாகச் சுத்தமாகத் தெரிந்தது. "உங்க கிரிஸ்டல் தங்கம்க்கா, கைய வச்சாலே சொல்றத கேக்குது" என்றாள்.

உங்க கிரிஸ்டல்!

மத்தியானம் டீ குடிக்கும்போது ஒரு பேச்சு வந்தது. "என் சேத்தையும் ஒருதரம் பாத்துரலாம்னு இருக்கேன். என்ன கலந்திருக்குன்னு. தீசிஸ்ல 'ஏன் வரல'ன்னு ஒரு சாப்டர் எழுதிட்டா, வெறுங்கையோட போன மாதிரி இருக்காதுல்ல?" என்றாள்.

"நல்ல ஐடியாட்டி" என்றேன்.

ஆகஸ்ட் 10

லேபுக்குச் சீக்கிரம் போய் அலமாரியைச் சுத்தம் செய்தேன். சார் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய குப்பி, உடைந்த கண்ணாடி, வேண்டாதது எல்லாவற்றையும் கழிவுப் பெட்டியில் போட்டேன். கழிவு வண்டி இன்றைக்குத்தான் வருகிறது.

அக்கா வாழைப்பூ வடை சுட்டிருந்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 13

ஜோதியின் குப்பியைக் காணவில்லையாம். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அலமாரி, மேசை டிராயர், ஃபர்னஸ் பின்னால், எல்லா இடமும். மேசைக்கடியில் இரண்டு பேரும் தவழ்ந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். அவள் தலையில் ஒட்டடை ஒட்டியிருந்தது, நான்தான் எடுத்துவிட்டேன். "பாவம்க்கா, உங்க வேலையெல்லாம் கெடுது" என்றாள்.

செப்டம்பர் 6

இன்றைக்குப் பழைய அளவுகளைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக் பட்டியலில் கை தவறி வெள்ளீயத்துக்குப் பதில் ஆன்டிமனியில் பட்டுவிட்டது.

இரண்டும் அந்தக் கருவிக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. வரைபடத்தில் இரண்டின் அடையாளமும் டெல்லூரியத்தின் பெரிய மேட்டுக்கு ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். எதைக் கேட்டாலும் அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிடும். வெள்ளீயம் கேட்டபோது கருவி போட்ட கணக்குக் கோடு மேட்டின் மேல் சரியாக உட்காராமல் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்குச் சந்தோஷத்தில் அதை நான் கண்டுகொள்ளவில்லை. ஆன்டிமனி கேட்டால், தைத்துப் போட்ட சட்டை மாதிரி உட்காருகிறது.

மூடிவிட்டேன். சேமிக்கவில்லை.

கை தவறிப் பட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பொய். வேண்டுமென்றேதான் டிக் செய்தேன். என் நாட்குறிப்பிலேயே எனக்குப் பொய் எழுத வருகிறது. தூ!

செப்டம்பர் 7

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன். கோவிலுக்குப் போனேன். பாட்டுப் பாடினேன்.

செப்டம்பர் 18

சார் ஜோதியைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ரெண்டாவது பேரை வைத்து தீசிஸ் நிற்காது, வேறு வழி பார்த்துக்கொள் என்று. பாவம், அவரும் கத்தவில்லை, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் சொன்னாராம்.

பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குப் பௌதிகம் எடுக்க ஆள் கேட்கிறார்களாம். டிசம்பரில் போகப் போகிறாள். வருஷக்கணக்காக இங்கே இருந்துவிட்டு டாக்டர் பட்டம் இல்லாமல்.

"அப்பாட்ட சொல்லிட்டேன். ஒண்ணுமே கேக்கலக்கா. 'சரி தாயி, வா'ன்னு மட்டும் சொன்னாரு. திட்டிருக்கலாம்ல?" என்றாள். கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த தங்கக் கம்பியை எடுத்தாள்.

நான் பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். இன்னும் எனக்கு நிச்சயமாகத் தெரியாதே என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். தெரியாதவள் ஏன்டி குப்பியைத் தூக்கிப் போட்டாய்?

செப்டம்பர் 20

முடிவெடுத்துவிட்டேன். அவள் சமையலை அப்படியே ஒருமுறை வளர்த்துப் பார்ப்பது. சேறு வந்தால் நான் தப்பித்தேன்.

காற்றுப் படாத கையுறைப் பெட்டிக்குள் எடை போட வேண்டுமானால் பலகையில் பெயர் எழுத வேண்டும், ஜோதி பார்த்துவிடுவாள். அதனால் பழைய தராசு அறையில், சனிக்கிழமை, துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு எடை போட்டேன். குழாயை மூடும்போது ஒரு தடவை விரிசல் விட்டு, டெல்லூரியம் பொடி மேசையெல்லாம் சிந்தியது. துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மாடியில் இருக்கும் பழைய ஃபர்னஸில் வைத்தாயிற்று. அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. பேப்பர் எழுதுகிறேன், லேப் வேலையைத் தொடவே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 23

"ஏட்டி, பூண்டு ஊறுகாய முழுங்கிட்டு வந்து நிக்கியா? பல்லு வெளக்குனியா இல்லியா?" என்றாள் அக்கா.

விளக்கினேன். இரண்டு தடவை விளக்கினேன். போகாது. இது வயிற்றிலிருந்து வருவதில்லை, ரத்தத்திலிருந்து வருகிறது. டெல்லூரியம் துளி உள்ளே போனாலும் உடம்பு அதை மூச்சு வழியாக வெளியே தள்ளும். அச்சு அசல் பூண்டு வாசம். வாரக்கணக்கில் வரும். எங்கள் துறையில் அஜாக்கிரதையாக வேலை செய்தவர்களை ஒருவரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்கள் வாயே சொல்லிவிடும். யார் வாயில் வாசம் வருகிறதோ அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது லேப் சட்டம்.

ஜோதி சேர்ந்த புதிதில் அவளுக்கு இது வந்தது. மாசக்கணக்கில் அவளை 'பூண்டு ரசம்' என்று கூப்பிட்டது நான்தான்.

செப்டம்பர் 28

ஞாயிறு ஆராதனை. பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்ற இருவரும் மெல்ல மெல்ல நகர்ந்து, பாட்டு முடிவதற்குள் எனக்கு இரண்டு பக்கமும் வழி விட்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தேன். பாவ அறிக்கை ஜெபம் வந்தபோதும் அப்படியேதான் அசைத்தேன். சாமிக்குத் தெரியாதா?

நெல்லிக்காய் சாப்பிட்டால் குறையும் என்கிறார்கள். நெல்லிக்காயாய்த் தின்கிறேன்.

அக்டோபர் 3

மாட்டிக்கொண்டேன். பாதி.

கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஜோதி ஒரு வரைபடத்தைக் காட்டப் பக்கத்தில் வந்து குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, கர்ச்சீப்ப எடுங்க."

"சளிட்டி."

"எடுங்கக்கா... ஐயையோ! யாரு, பூண்டு ரசமா!" கைகொட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. "எப்பக்கா டெல்லூரியம் தொட்டீங்க? பேப்பர்தான எழுதிட்டிருக்கீங்க?"

"பழைய ஸ்டாக்க அடுக்கி வச்சேன். மூடி சரியா இல்ல."

எப்படி வருகிறது பார், பொய், கேட்ட உடனே! அவள் நம்பினாள். "பாத்து செய்யக் கூடாதா? உடம்புக்கு என்னத்துக்காகும்?" என்று திட்டினாள். டீ நான்தான் வாங்கினேன். என் டீயில் பூண்டு வாசம் அடித்தது. அவள் சிரித்துச் சிரித்துக் குடித்தாள்.

அக்டோபர் 16

சுழற்றினேன். எதிர்க் கிண்ணத்தில் எடைக்கு மணல் போட்ட குழாய். இந்தத் தடவை மாறுவதற்கு எதுவும் இல்லை.

உடைத்தேன்.

தகடு தகடாக. அதே மினுமினுப்பு. என் முகம் முழுசாகத் தெரிந்தது. சேறாக இரு, சேறாக இரு என்று எவ்வளவு வேண்டினேன்! ஒரு படிகம் வளர்க்கிறவள் படிகத்தைப் பார்த்து அழுதது இந்த லேபில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எல்லாம் அவளுடையது. ஜூன் மாதத்திலிருந்து எல்லாமே.

அக்டோபர் 19

பேப்பர் வருகிற வெள்ளிக்கிழமை போகிறது. முதல் பெயர் நான். தலைப்பிலேயே வெள்ளீயம். ஜெர்மன்காரர்கள் நல்ல முடிவு அனுப்பியிருக்கிறார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஜோதி பெரியகுளம் போவாள், நல்ல டீச்சராக இருப்பாள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பாள். நான் டாக்டர் ஜெஸிந்தா ஆவேன். என் சமையலை வைத்து உலகத்தில் யார் வளர்த்தாலும் சேறுதான் வரும். அப்போது வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறேன் பார்.

அக்டோபர் 23

சாரிடம் சொன்னேன். முதலில் ஜோதியிடம் சொல்ல வேண்டும் என்று கிளம்பி, கால் சார் ரூமுக்குப் போயிற்று. அங்கே கொஞ்சம் சுலபம்.

ஆன்டிமனி டிக் செய்து மறுபடியும் எடுத்த வரைபடத்தையும் புதுப் படிகத்தையும் மேசையில் வைத்தேன். "அன்னைக்கு கிண்ணம் மாறிடுச்சு போல சார். இது ஜோதியோடது" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, நாளைக்கு அனுப்பப் போற பேப்பருக்கு இன்னைக்கு வந்து சொல்றியே! எப்ப தெரியும் உனக்கு?"

"இப்பதான் சார். போன வாரம்."

"ம்." ஜன்னலைப் பார்த்தார். "சரி. மெஷின் தப்பா காட்டிருச்சு, திரும்பப் பாத்தப்ப தெரிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம். எல்லாருக்கும் நடக்கறதுதான். முதல் பேரு நாகஜோதி. அவ காலத்த நீட்டிக்கக் கேட்டு நானே எழுதறேன். நீ வெள்ளீயத்த வச்சு என்ன பண்ண முடியும்னு பாரு. உனக்கு ஒரு வருஷம் போச்சு."

மெஷின். எனக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, அதை எழுதவே கூசுகிறது. குப்பியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அக்டோபர் 24

ஜோதி ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் வாய் வாசத்தைக்கூடப் பொருட்படுத்தவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். "அக்கா, அக்கா, நீங்க வாயத் தொறக்கலன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? வேற யாராச்சும்னா அமுக்கிட்டுப் போயிருப்பாங்க. எங்கப்பாட்ட உங்களப் பத்தித்தான் சொன்னேன். உங்களோட பேசணும்கறாரு" என்று போனை என் காதில் வைத்தாள்.

"அம்மா, நீங்க நல்லா இருக்கணும் தாயி" என்றார் அவர். "எம்பிள்ளைக்கு சொந்த அக்காகூட இப்படிச் செய்யாதும்மா."

"சரிங்கப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

என்னை அடித்திருக்கலாம். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அக்கா காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 26

சொல்லிவிட்டேன்.

கேன்டீன் பின்னால், வேப்பமரத்துப் பெஞ்சில். முதலில் செப்டம்பர் வரைபடத்தைச் சொன்னேன். போன வாரம் இல்லை, செப்டம்பரிலேயே தெரியும் என்று. அவள் முகம் கொஞ்சம் மாறியது. "பயந்திருப்பீங்க" என்றாள். எனக்கு நியாயம் தேடுகிறாள், பாவி! பிறகு திருட்டுத்தனமாக வளர்த்ததைச் சொன்னேன். "அதான் பூண்டு வாசமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"ஜோதி, உன் சேறு இருந்த குப்பி. அத நான்தான் தூக்கிப் போட்டேன். நீ அளவெடுக்கணும்னு சொன்னதுக்கு மறுநா. கழிவு வண்டி வர்ற நாளுன்னு தெரிஞ்சே போட்டேன்."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கையில் இருந்த டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்புறம் எங்கூட சேந்து தேடுனீங்களே?"

நான் அவள் வைத்த டீ கிளாஸையே பார்த்தேன்.

"கிண்ணம் மாறுனது கைத்தப்பு. யாருக்கும் வரும். குப்பியத் தூக்கிப் போட்டீங்க, சரி, பயம். எங்கூட மேசைக்கடியில தவந்தீங்களே. டார்ச் புடிச்சீங்களே. என் தலையில ஒட்டட இருக்குன்னு எடுத்து விட்டீங்களே." குரல் உடைந்தது. "அத எப்படி செஞ்சீங்க?"

எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

"எங்கப்பாட்ட பேசும்போதாவது சொல்லிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். டீ அப்படியே இருந்தது.

நவம்பர் 2

பேப்பர் போய்விட்டது. முதல் பெயர் அவள். என் பெயர் கடைசியில் ஓரமாக இருக்கிறது. எடுத்துவிடச் சொன்னேன், சார் கேட்கவில்லை. மெஷின் தவறு என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து லேப்காரர்கள் என் நேர்மையைப் பாராட்டுகிறார்கள். ஜோதி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னிடமும்.

நவம்பர் 12

காலையில் ஜோதி என் மேசைக்கு வந்து நின்றாள். அந்தப் பேச்சுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய படிகம் இன்றைக்குத் தயார். உள்ளே என் குழாயும் இருக்கிறது, புது வெள்ளீயம் போட்டது. "சுத்தணும். ரெண்டு பேர் வேணும்" என்றாள். அக்கா என்ற வார்த்தை இல்லை. எனக்கு அது பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது.

முகமூடி மாட்டிக்கொண்டோம். அவள் சென்ட்ரிஃப்யூஜ் பக்கம், நான் இடுக்கியோடு ஃபர்னஸ் பக்கம். கதவைத் திறப்பதற்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இனிமே ஒரு பழக்கம். எடுக்கறவங்க எது எதுல போகுதுன்னு சத்தமா சொல்லணும். நிக்கறவங்க திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் மூடி."

"சரி."

கதவைத் திறந்தேன். அதே அனல். கை தானாக வலது பக்கம் போனது. வலது பக்கம்தான் போகிறது, எப்போதும் அங்கேதான் போயிருக்கும். இழுத்து இடது பக்கம் கொண்டு போனேன். குழாயை எடுத்தேன், சிவப்புக் கிண்ணத்தில் இறக்கினேன்.

"இடது, சிவப்பு" என்றேன்.

அவள் மூடியைப் பிடித்தபடி நின்றாள். திருப்பிச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"கேக்கல."

வாசம் இன்னும் முழுசாகப் போகவில்லை. முகமூடிக்குள் எனக்கே அடிக்கிறது. வாயை நன்றாகத் திறந்து மறுபடியும் சொன்னேன்.